ஏற்காட்டு வீட்டில் உள்ளறை ஆன்டெனா: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் சாலையை விட்டு விலகி, காப்பித் தோட்டத்துக்குள் அமைந்த ஒரு பழைய வீடு. எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் மட்டும் அங்கே வசிக்கிறார்கள். கருங்கல் சுவர், தகரக் கூரை, அதன் கீழே மரப்பலகைத் தளம் என்று தோட்டத்துக் காலத்து வீடுகளுக்கே உரிய கட்டுமானம். கேபிள் டிவி கம்பி பெரிய சாலையோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் கைப்பேசி சிக்னல் ஒரு கோடு காட்டினாலே அதிகம் என்பதால் இணையம் வழியே டிவி பார்ப்பதும் ஒத்துவரவில்லை. சில ஆண்டுகள் கட்டண டிடிஎச் இணைப்பு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் ரீசார்ஜ் செய்ய யாரையாவது எதிர்பார்க்க வேண்டியிருந்ததாலும், பார்க்காத சேனல்களுக்கும் சேர்த்துப் பணம் போகிறது என்ற மனக்குறையாலும் அதை நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. காலையும் மாலையும் தமிழ்ச் செய்தி வேண்டும், பழைய பாடல்கள் வேண்டும், இந்திய அணி ஆடும் கிரிக்கெட் வேண்டும், மாதக் கட்டணம் கூடாது.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரின் வடக்குப் புறநகரில் வசிக்கும் மகன், விடுமுறைக்கு வந்தபோது ஒரு தாள் ஆன்டெனாவைக் கொண்டுவந்தார். அவர் வீட்டில் அதே ஆன்டெனா ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியபடி பல ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருக்கிறது. உள்ளூர்ச் செய்தியும் விளையாட்டும் கட்டணமின்றித் தெளிவாக வருகின்றன. பெற்றோருக்கும் அதே வசதி கிடைக்கட்டும் என்று எண்ணியே அவர் அதை வாங்கிவந்தார். ஏற்காட்டு வீட்டில் டிவியில் இணைத்து ஸ்கேன் செய்தபோது ஒரு சேனலும் வரவில்லை. வேறு ஜன்னலில் ஒட்டினார்கள், பரணில் வைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. ஊருக்குத் திரும்பிய பின், ஆன்டெனாவுக்கு வலு போதவில்லை என்று முடிவு செய்து, பூஸ்டர் உள்ள ஒன்றை வாங்கும்படி மகன் தொலைபேசியில் சொன்னார். சேலத்தில் இருக்கும் உறவினர் ஒருவர், பெட்டியின் மேல் இன்னும் பெரிய தொலைவு அச்சிட்டிருந்த ஓர் ஆன்டெனாவை இணையத்தில் வாங்கிக் கொடுத்தார். அதிலும் எதுவும் வரவில்லை.

சேலத்தில் டிவி, டிஷ் பொருத்தும் பணியைச் செய்துவரும் என்னை அவர்கள் அழைத்தது அதற்குப் பிறகுதான். அழைத்தபோது பெரியவர் வைத்த கேள்வி தெளிவாக இருந்தது: இருபதடி குழாய் நட்டு, அதன் உச்சியில் அந்தக் காலத்து நீள ஆன்டெனா ஒன்றைக் கட்டினால் கிடைக்குமா, அதற்கு என்ன செலவாகும்?

டல்லாஸில் அது ஏன் வேலை செய்தது

ஒரே ஆன்டெனா ஓரிடத்தில் ஐம்பது சேனல் தந்து இன்னோரிடத்தில் ஒன்றும் தராதபோது, ஆன்டெனாவைச் சந்தேகிப்பது இயல்பு. மகன் பொறியியல் படித்தவர். அவருடைய ஊகம் அறியாமையால் வந்ததன்று. ஆகவே மறுத்துப் பேசுவதற்கு முன், அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பெரியவருக்கு விளக்குவது அவசியமாக இருந்தது.

அமெரிக்காவில் முழுத்திறன் அனலாக் ஒளிபரப்பு 2009 ஜூன் 12-ஆம் நாளோடு முடிவுக்கு வந்து, தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு அதன் இடத்தைப் பிடித்தது. டல்லாஸின் பெரும்பாலான டிவி நிலையங்கள் நகரின் தென்மேற்கில் உள்ள சீடர் ஹில் என்ற மேட்டில், 300 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள கோபுரங்களிலிருந்து ஒளிபரப்புகின்றன. எல்லாக் கோபுரங்களும் ஏறக்குறைய ஒரே திசையில் இருப்பதால் ஆன்டெனாவை ஒருமுறை சரியாக ஒட்டினால் போதும். சமநிலம் என்பதால் நடுவே மலை ஏதும் மறைப்பதில்லை. அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் கட்டியவை. அலை உள்ளே நுழைவதில் பெரிய இழப்பு இல்லை. வீட்டிலிருந்து கோபுரங்களுக்கு 50, 60 கிலோமீட்டர் இருந்தும் அந்த மெல்லிய தாள் போதுமானதாக இருப்பதற்கு இவையே காரணம்.

தாள் ஆன்டெனாவுக்குள் இருப்பது உலோகத் தகட்டால் ஆன ஒரு வடிவம் மட்டுமே. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் 25 சென்டிமீட்டர் என்பதால், ஒரு முழத்துக்கும் குறைவான தாளில் யூஎச்எஃப் எனப்படும் உயர் அலைவரிசைச் சேனல்களைப் பிடிக்க இடமுண்டு. 200 மெகாஹெர்ட்ஸில் அதுவே 75 சென்டிமீட்டராகிவிடும் என்பதால் விஎச்எஃப் எனப்படும் தாழ்ந்த அலைவரிசைச் சேனல்களை அது அரைகுறையாகத்தான் பிடிக்கும். அமெரிக்காவின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான ஏடிஎஸ்சி, இந்தியா ஏற்ற டிவிபி-டி2 ஆகிய வேறுபாடுகள், சிக்னலிலிருந்து சேனலைப் பிரித்தெடுக்க டிவிக்குள் இருக்கும் ட்யூனரைப் பொறுத்தவை. தாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அமெரிக்க ஆன்டெனா இங்கே வேலை செய்யாது என்று சேலத்துக் கடையில் ஒருவர் சொன்னதாகப் பெரியவர் கூறினார். அந்தக் காரணம் சரியன்று.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 50 மைல், 100 மைல் கணக்குகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கோபுரத்தின் உயரம், ஒளிபரப்பின் திறன், இடையில் உள்ள நிலம், சுவர் ஆகிய எதையும் அறியாமல் ஓர் ஆன்டெனா எத்தனை மைல் பிடிக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. அந்த எண்ணை நம்பி வாங்குபவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் பெரும்பாலும் அவர்கள் இரண்டாவதாக ஒன்றையும் வாங்கிவிடுகிறார்கள்.

ஏற்காட்டு வானில் என்ன இருக்கிறது

தமிழ்நாட்டில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னையில் தொடங்கியது. பின்னர் மாநிலத்தின் பல ஊர்களில் சிறிய ஒளிபரப்பிகளும், கொடைக்கானல் மலையில் திறன் மிக்க ஒன்றும் அமைந்தன. ஏற்காட்டு மலையின் தெற்கு விளிம்பில் இருந்த தோட்டங்களில் நீள ஆன்டெனா கட்டி, கொடைக்கானலைப் புள்ளி புள்ளியாகப் பிடித்துப் பார்த்ததாகப் பெரியவர் நினைவுகூர்ந்தார். இரு மலைகளுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 190 கிலோமீட்டர். இரண்டும் உயரமானவை என்பதால் அவர் சொன்னது நடந்திருக்கக்கூடியதே. இருபதடிக் குழாய் என்ற அவருடைய யோசனை இந்த அனுபவத்திலிருந்துதான் வந்தது.

ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. நாடு முழுவதும் இருந்த அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளில், கேந்திர முக்கியத்துவம் உள்ள ஏறத்தாழ 50 இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச் 31-க்குள் நிறுத்துவதாகத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்துப் படிப்படியாக மூடியது. டிஜிட்டல் முறையில், 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் டிவிபி-டி2 ஒளிபரப்பு தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றது சென்னை மட்டும்.

சென்னை ஒளிபரப்பு ஏற்காட்டுக்கு எட்டுமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் உயரத்திலிருந்து ரேடியோ அலைக்கான அடிவானம் எவ்வளவு தொலைவு என்பதை அறிய, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டுக்கு அது சுமார் 160 கிலோமீட்டர். சென்னைக் கோபுரத்துக்கு 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 210. நேர்கோட்டுத் தொலைவோ 270 கிலோமீட்டருக்கு அருகில். அதுவும் கடலைப் போல் தடையில்லாத பரப்புக்கான கணக்கு. இங்கே சித்தேரி, கல்வராயன் மலைகள் அந்தப் பக்கத்தில் நிற்கின்றன. மேலும் இந்த வீடு மலை விளிம்பில் இல்லை, இரு மேடுகளுக்கு நடுவே தாழ்வில் இருக்கிறது. குழாயை இருபதடிக்குப் பதில் நாற்பதடி ஆக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வீட்டில் சோதித்தவை

கணக்கு ஒருபுறம் இருக்க, இரண்டு ஆன்டெனாக்களுக்குப் பணம் செலவழித்த குடும்பத்துக்குக் கண்ணால் காணக்கூடிய சான்று தேவை என்று கருதினேன்.

முதலில் டிவி. பின்புறத்து லேபிளிலும் மெனுவிலும் பார்த்தபோது, அதில் டிவிபி-டி2 ட்யூனர் இருந்தது. ஆகவே ஒளிபரப்பு இருந்திருந்தால் காட்டக்கூடிய டிவிதான் அது. செயற்கைக்கோள் ட்யூனர் அதில் இல்லை. டிவிக்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர் அமைப்பதற்கு ஐஎஸ் 18112:2022 என்ற இந்தியத் தரநிலை வந்திருந்தாலும், இந்த டிவி அதற்கு முன் வாங்கியது.

அடுத்து, மடிக்கணினியில் செருகும் ஒரு சிறிய யூஎஸ்பி ட்யூனரில் மகன் கொண்டுவந்த தாள் ஆன்டெனாவை இணைத்தேன். எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் வருகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியில் எஃப்எம் நிலையங்கள் கூர்மையான முனைகளாக எழுந்து நின்றன. அதிலிருந்தே தாளும் கேபிளும் பழுதில்லை என்பது உறுதியாயிற்று. 174-இலிருந்து 230 வரை வெறுமை. 470-இலிருந்து 700 வரையும் வெறுமை. டிஜிட்டல் டிவி ஒளிபரப்பு ஒன்று இருந்தால் அது 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், மேசைப்பலகைபோல் தட்டையான உச்சியோடு தெரியும். அப்படி ஒன்றுகூட இல்லை. 870-க்கு மேலும் 935-க்கு மேலும் தெரிந்தவை கைப்பேசிக் கோபுரங்களின் அலைகள்.

தாளை வாசலுக்குக் கொண்டுபோய், காப்பி உலர்த்தும் களத்தின் நடுவே மூங்கிலில் கட்டி மீண்டும் பார்த்தோம். கைப்பேசி முனைகள் மட்டும் உயர்ந்தன, டிவி பகுதி அப்படியே இருந்தது. பூஸ்டர் உள்ள இரண்டாவது ஆன்டெனாவை இணைத்தபோது, அடிக்கோடு முழுவதும் ஒருசேர மேலே ஏறியது. பூஸ்டர் செய்வது அதைத்தான்: வருகிற சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவில் பெருக்குகிறது. சிக்னலே இல்லாத இடத்தில் பெருகுவது இரைச்சல் ஒன்றே.

பெரியவர் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ இந்த ஆன்டெனாவுல கோளாறு ஏதும் இல்லையா தம்பி?”

“ஆன்டெனா நல்லாத்தான் இருக்குங்க ஐயா. அது பிடிக்கிறதுக்குத்தான் இங்க ஒளிபரப்பு இல்லை.”

“பையன்கிட்டயும் இதை இப்படியே காட்டிச் சொல்லணும். வாங்கிக் கொடுத்தது வீணாயிருச்சுன்னு அவன் சங்கடப்பட்டுக்கிட்டிருக்கான்.”

அந்தத் திரையைப் படமெடுத்து, மாலையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்தபின் மகனுக்கு அனுப்பினேன். குழாய் ஆன்டெனா யோசனையை அதோடு கைவிட்டார்கள்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

மாதக் கட்டணம் இல்லாமல் டிவி என்ற தேவைக்கு, இந்தியாவில் இந்த இடத்தில் நடைமுறையில் இருக்கும் வழி டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவை அது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 வழியே வருகிறது. அந்தச் செயற்கைக்கோள் 2015 நவம்பரில் விண்ணுக்குச் சென்றது. டிஷ், அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி, கேபிள், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றுக்கு ஒருமுறை செலவழித்தால் பிறகு ரீசார்ஜ் என்ற பேச்சே இல்லை.

இதைப் பரிந்துரைக்கும் முன் குறைகளைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்டாயம். ஃப்ரீ டிஷ்ஷில் வருபவற்றில் பெரும்பகுதி இந்திச் சேனல்கள். தமிழில் கிடைப்பவை குறைவு. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரிலிருந்து மாறிய டிடி தமிழ் உண்டு, கல்விச் சேனல்கள் உண்டு, ஆகாசவாணி வானொலிச் சேனல்களும் உண்டு. வீட்டம்மா முன்பு விரும்பிப் பார்த்த தொடர்கள் வரும் தனியார் சேனல் அதில் இல்லை என்பதை அவரிடமே நேராகச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தொடரைச் சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்வதாகவும், வீட்டில் செய்தியும் பாட்டும் வந்தால் போதும் என்றும் கூறினார். இந்த ஒப்புதல் இல்லாமல் பொருளை வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

கிரிக்கெட் விஷயத்தில் ஃப்ரீ டிஷ்ஷுக்குத் தனிச் சாதகம் உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கும் விளையாட்டுகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பெறும் நேரலையைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஎச் சேவையிலும் மட்டுமே தரலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரைவழி இல்லாத ஏற்காட்டில் மிஞ்சுவது ஃப்ரீ டிஷ்தான். எல்லா ஆட்டமும் வராது, அறிவித்தவை மட்டும் வரும் என்பதையும் பெரியவருக்கு விளக்கினேன்.

பாக்ஸ் வாங்குவதில் ஒரு கவனம் தேவைப்பட்டது. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள் இரண்டில், ஃப்ரீ டிஷ்ஷின் சில சேனல்கள் பழைய எம்பெக்-2 முறையிலும் சில எம்பெக்-4 முறையிலும் வருகின்றன. விலை குறைந்த பழைய பாக்ஸ்களில் முதல் வகை மட்டுமே தெரியும். சேலம் பழைய பேருந்து நிலையப் பக்கத்துக் கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும், விலையில் சில நூறு ரூபாய்தான் வேறுபாடு. எம்பெக்-4 பாக்ஸை வாங்கினோம். டிஷ்ஷும் மற்றவையும் சேர்த்து மொத்தச் செலவு 2,000 ரூபாயைச் சற்றுத் தாண்டியது. அவர்கள் முன்பு கட்டிய டிடிஎச் கட்டணத்தில் அது ஓர் ஆண்டுக்கும் குறைவான தொகை.

டிஷ் நிறுத்திய இடம்

இந்த வீட்டில் சிந்திக்க வேண்டியிருந்தது மரங்களைப் பற்றி. சுற்றிலும் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. மரத்தை வெட்டவோ உச்சியைக் கழிக்கவோ அவர்களுக்கு மனமில்லை, எனக்கும் அதில் உடன்பாடில்லை.

ஏற்காட்டிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலமாக ஏறக்குறைய 127 டிகிரியில், தரையிலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இந்த உயரக் கோணம் நமக்குச் சாதகமானது. 67 டிகிரி ஏறிச்செல்லும் கோட்டை 20 மீட்டர் உயரமுள்ள மரம் மறைக்க வேண்டுமானால், அது டிஷ்ஷிலிருந்து எட்டரை மீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்கு அப்பால் நிற்கும் மரத்தின் தலைக்கு மேலேயே கோடு போய்விடும். எதிரே மலை இருக்கிறது, சிக்னல் வராது என்று முன்பு வந்த ஒருவர் சொல்லிச் சென்றிருந்தார். எதிர்மேட்டின் உச்சி வீட்டிலிருந்து இருபது டிகிரிகூட உயரவில்லை. அது தடையே இல்லை.

களத்தின் வடமேற்கு மூலையில், தென்கிழக்குப் பக்கம் பன்னிரண்டு மீட்டருக்கு மரமே இல்லாத இடம் ஒன்றைத் தேர்ந்தோம். கூரையில் பொருத்தினால் தகரத்தில் ஓட்டை போட வேண்டும், காற்றில் தகரம் அதிரும்போது டிஷ்ஷும் அசையும். ஆகவே தரையில் சிறிய கான்கிரீட் மேடை கட்டி அதில் இரும்புக் குழாயை நிறுத்தினோம். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டப்பலகையால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கான்கிரீட் இறுக விட்டோம். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைத் திருப்பும்போது உயரக் கோணமும் சேர்ந்தே மாறிக்கொண்டிருக்கும்.

சிக்னலைப் பிடிக்கும்போது பாக்ஸின் திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று வலிமை, மற்றொன்று தரம். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே வலிமைப் பட்டை பாதிக்கு மேல் ஏறி நின்றுவிடும், டிஷ் எந்தத் திசையைப் பார்த்தாலும். புதிதாகப் பொருத்துபவர்கள் இதைக் கண்டு ஏமாறுவதுண்டு. பார்க்க வேண்டியது தரப் பட்டையை. உயரக் கோணத்தை முதலில் அமைத்துவிட்டு, டிஷ்ஷை விரலளவு திருப்பி, பாக்ஸ் பதில் சொல்லச் சில நொடிகள் காத்திருந்து, மீண்டும் விரலளவு திருப்ப வேண்டும். வீட்டுக்குள் இருந்த பெரியவர் பட்டையைப் பார்த்து எண்ணைச் சொல்ல, களத்தில் நான் திருப்பினேன். தரம் எழுந்து படம் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. எல்என்பியை அதன் பிடிக்குள்ளேயே மெல்லச் சுழற்றியபோது தரம் மேலும் கணிசமாக ஏறியது. செயற்கைக்கோள் நம் நேர் தெற்கே இல்லாமல் கிழக்கே 15 டிகிரி தள்ளி இருப்பதால், அலையின் அதிர்வுத் தளம் நமக்குச் சாய்ந்து வருகிறது. அந்தத் தளம் சாய்ந்த அளவுக்கே எல்என்பியும் சாய வேண்டும். படம் தெரிகிறதே என்று இந்தச் சுழற்சியை விட்டுவிட்டால், முதல் தூறலிலேயே படம் உடையும்.

கேபிள் முனையில் செம்புக் கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டியிருக்க, பின்னல் வலையின் ஓர் இழைகூட அதைத் தொடாதபடி கனெக்டரை இறுக்கி, அதன் மேல் நீர் புகாத ரப்பர் டேப் சுற்றினோம். ஏற்காட்டில் மழையைவிட மூடுபனிதான் கனெக்டருக்குப் பகை. மழை நின்றால் காய்ந்துவிடும், பனியோ வாரக்கணக்கில் ஈரத்தை விடாது. கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டதால் நீர் வழிந்து தரையில் சொட்டிவிடும். குழாயிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்றைத் தரையில் அடித்த எர்த் கம்பிக்கு இணைத்தோம்.

பின்னர் நடந்தவை

சேவை தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் கேட்ட மூன்றும் கிடைத்தன. வீட்டம்மா எதிர்பாராத விதமாக வானொலிச் சேனல்களை அதிகம் பயன்படுத்துகிறார். டிவியை ஓடவிட்டு அடுக்களையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு கேட்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

வடகிழக்குப் பருவமழையில் கனமழை கொட்டும்போது சில நிமிடங்கள் படம் உறைந்து, மழை தணிந்ததும் தானே திரும்பியது. 11 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலையை அடர்ந்த மழைத்துளிகள் விழுங்குவதால் வரும் இந்த இடைவெளி எந்த டிடிஎச் சேவையிலும் உண்டு. இதை முன்பே சொல்லியிருந்ததால் அவர்கள் பதறவில்லை.

ஒருமுறை மட்டும் வெயில் நாளில் படம் முற்றிலும் நின்றது. போய்ப் பார்த்தபோது கேபிள் எல்என்பியிலிருந்து பிடுங்கப்பட்டுக் களத்தில் கிடந்தது, ரப்பர் டேப்பில் பற்கள் பதிந்திருந்தன. குரங்குகளின் வேலை. தொங்கவிட்டிருந்த வளைவு அவற்றுக்கு இழுக்க வாகாக இருந்திருக்கிறது. வளைவைச் சிறிதாக்கி, மேடையிலிருந்து வீட்டுச் சுவர் வரை கேபிளைப் பிவிசி குழாய்க்குள் செலுத்தி, டிஷ் கையோடு இரண்டு இடங்களில் இறுகக் கட்டினோம். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு சேனல் திடீரென்று காணாமற்போனதாகப் பெரியவர் அழைத்தார். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் போகின்றன. ஏலம் முடிந்து பட்டியல் மாறும்போது ஒன்று போகும், வேறொன்று வரும். பாக்ஸின் பக்கத்தில் நான் எழுதி ஒட்டியிருந்த குறிப்பைப் பார்த்து அவரே மீண்டும் ஸ்கேன் செய்தார். ரிமோட்டில் எந்தப் பொத்தான், எத்தனாவது வரி, கடவுச்சொல் கேட்டால் எந்த எண் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிய அந்தத் தாள், மொத்தப் பணியிலும் அவர்களுக்கு அதிகம் உதவியது என்று மகன் பின்னர் எழுதினார்.

சேலத்து உறவினர் வாங்கிய பூஸ்டர் ஆன்டெனாவைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்திருந்தது. தாள் ஆன்டெனாவை மகன் அடுத்த விடுமுறையில் தன்னோடு எடுத்துச் சென்றார். இரண்டாவது அறையில் உள்ள டிவிக்கு அது அங்கே பயன்படுகிறது.

இனி மாறும் நடைமுறை

இப்போது யாராவது உள்ளறை ஆன்டெனா வேண்டும் என்று அழைத்தால், எந்த ஊர், எந்த வீடு என்பதற்கு முன் அவர்கள் எந்தக் கோபுரத்தின் ஒளிபரப்பைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலோர் அதை யோசித்திருப்பதில்லை; கேட்ட கணத்திலேயே பலருக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே ஆன்டெனா வாங்கக் கேட்டால் இதே கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கும்: கோபுரங்களின் திசை, தொலைவு, அவை விஎச்எஃப்பா யூஎச்எஃப்பா என்பது தெரிந்துவிட்டால், தாள் போதுமா, ஜன்னல் எந்தப் பக்கம், பூஸ்டர் தேவையா என்ற மூன்றும் தானே தீர்மானமாகும். கோபுரம் அருகில் இருந்தால் பூஸ்டர் கெடுதலே செய்யும்; மிகுந்த சிக்னலில் ட்யூனர் திணறிப் படம் உடையும்.

மலை வீடுகளுக்குப் போகும்போது யூஎஸ்பி ட்யூனரையும் மடிக்கணினியையும் பையில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வாய்ச்சொல்லால் ஒரு மணி நேரம் விளக்கியும் தீராத ஐயம், வெறுமையாக ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் தீர்கிறது. பிவிசி குழாயையும் முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுகிறேன்.

எர்த் இணைப்பில் ஒன்று பாக்கி இருக்கிறது. கம்பி அடித்தது மழைக்காலத்து ஈர மண்ணில். கோடையில் அந்தப் பாறைக் களம் காய்ந்தபின் அதன் தடை எவ்வளவு உயர்கிறது என்பதைச் சித்திரை இடிமழைக்கு முன் அளந்து பார்க்க வேண்டும். அதுவரை, இடி முழங்கத் தொடங்கினால் பாக்ஸின் மின்செருகியையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடும்படி குறிப்புத் தாளின் கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன்.